தவிட்டி கேட்ட ஒரு முழம்

மாடுகளுக்கும் மனக்குறை இருக்கலாம் என்று மனிதர்களுக்குச் சந்தேகம் வரத் தொடங்கிய காலத்தில், ஊரை விட்டுத் தள்ளி ஒரு பால்பண்ணை இருந்தது. அங்கே தவிட்டி என்ற பசுவுக்குப் பின்னங்கால் குளம்பு வீங்கியிருந்தது. அவளுக்குத் தேவைப்பட்டதெல்லாம் கொஞ்ச நேரம் படுப்பது. அதற்குக் கயிறு இன்னும் ஒரு முழம் நீள வேண்டும்.

கயிறு குட்டையாக இருந்ததற்குக் காரணம் உண்டு. பால் கறந்த உடனே மாடு படுத்தால் காம்பு வழியே அழுக்கு ஏறி மடிநோய் வரும். ஆகவே கறந்த பின் சிறிது நேரம் மாடு நிற்க வேண்டும். நல்ல விதிதான். புதிதாக வந்த மேனேஜர் நாச்சிமுத்து அந்த விதிப்படி மாடுகளை இரும்புக் குழாயோடு ஒட்டிக் கட்டச் சொன்னார். கட்டுவதற்கு விதி இருந்தது. தளர்த்துவதற்கு விதி எதுவும் இல்லை. தளர்த்த மாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை. தளர்த்துகிறேன் என்றும் யாரும் சொல்லவில்லை. பெரும்பாலான கொடுமைகள் இப்படித்தான் நடக்கின்றன. மாடுகள் நின்றுகொண்டே இருந்தன.

இந்த நிலையில், மாடுகள் நலமாக இருக்கும் பண்ணையில்தான் இனிப் பால் வாங்குவோம் என்று பால் கம்பெனி அறிவித்தது. நலனை அளக்க ஒரு கமிட்டி வந்தது.

கமிட்டியின் தலைவர் அளவுநாடா. எஃகு உடம்பு, பேச்சு முடிந்ததும் சுருண்டு தன் டப்பிக்குள் போய்விடுவார். உறுப்பினர் வெப்பமானி, மாடுகளை உள்ளே போய்ப் பார்த்தவர் என்று பெயர் வாங்கியவர். மாடுகளின் பிரதிநிதியாக மணியை நியமித்தார்கள். மணி தவிட்டியின் கழுத்தில் தொங்கியது. மாட்டோடு இவ்வளவு நெருக்கமானவர் வேறு யார் என்று கேட்டார்கள்.

தவிட்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்துக் கட்டுத்தறியில் நின்ற நீலி என்ற எருமையிடம் சொன்னாள்:

"கமிட்டி வந்துருச்சு. இன்னைக்குப் படுத்துருவேன்."

"படு, படு," என்றாள் நீலி. "டீயும் வடையும் ஆபீசுக்குள்ள போறதப் பாத்தேன். அம்மிணி, அவங்கதான் முதல்ல படுப்பாங்க."

சோதனை தொடங்கியது. சோதனை இதுதான்: அளவுநாடா மாட்டை நோக்கி மெதுவாக வருவார். மாடு பயந்து எவ்வளவு தூரத்தில் பின்வாங்குகிறதோ, அந்தத் தூரம்தான் அது மனிதர்மேல் கொண்டிருக்கும் பயம். தூரம் குறையக் குறைய மாடு நலமாக இருக்கிறது என்று பொருள்.

அளவுநாடா வந்தார். தவிட்டி நகரவில்லை. இன்னும் நெருங்கினார். நகரவில்லை. அவர் மூக்கு அவள் மூக்கில் இடித்தது.

"பூஜ்யம்!" என்று கூவினார் அளவுநாடா. "என் அனுபவத்தில் இவ்வளவு பாசமான மாட்டைப் பார்த்ததில்லை. எழுதிக்கொள்ளுங்கள்."

"ஐயா, எப்படிங்க நகர்றது?" என்றாள் தவிட்டி. "கயிறு விடலீங்களே. கொஞ்சம் அவுத்துட்டு அளந்து பாருங்க."

குழாயில் இறுகியிருந்த கயிற்றுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்மேலேயே சந்தேகமா? ராப்பகலாக இவளைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நிமிடம் இவளைக் கைவிட்டிருப்பேனா? கேளுங்கள் அவளையே!"

"கைவிட்டா போதும்னுதான் கேக்கறேன்," என்றாள் தவிட்டி.

கமிட்டி கூடிப் பேசியது. தன்மீது நாளை ஒரு குறையும் வரக்கூடாது என்று அளவுநாடா கருதினார். நாச்சிமுத்துவை அழைத்துக் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார்.

கயிறு தரையில் விழுந்ததுதான் தாமதம், தவிட்டி முன்னங்காலை மடித்துத் தொப்பென்று படுத்தாள். கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

அளவுநாடா மறுபடியும் நெருங்கினார். அவள் எழுந்திருக்கவில்லை. அவர் உருகிக் கூவினார்:

"அவிழ்த்த பிறகும் ஓடவில்லை! அந்நியன் முன்னால் படுக்கிறது என்றால், எப்பேர்ப்பட்ட நம்பிக்கை!"

"நம்பிக்கையும் இல்ல ஒண்ணும் இல்லீங்க. காலு வலிக்குது."

அளவுநாடா தன் உடம்பை முழுக்க விரித்துப் பார்த்துக்கொண்டார். "வலிக்கு என்னிடம் கோடு போடவில்லையே, அம்மா," என்றார். வெப்பமானியைப் பார்த்தார். "காய்ச்சல் இல்லை," என்றார் வெப்பமானி.

இல்லை, இல்லை என்று தவிட்டி தலையை ஆட்டினாள். தலை ஆடியதும் மணி ஒலித்தது.

"மாடுகள் தரப்பில் பலத்த வரவேற்பு," என்றது மணி.

கமிட்டி அங்கேயே முடிவை வாசித்தது. கட்டவிழ்த்த பின்னும் மாடு ஓடவில்லை. எனவே அது கட்டுண்டிருப்பது தன் விருப்பத்தால்தான். விருப்பத்தால் நிற்கும் மாட்டுக்குக் கயிற்றை நீட்ட வேண்டிய அவசியம் எழவில்லை.

நாச்சிமுத்து தவிட்டியின் வாலை முறுக்கி எழுப்பினார். பழையபடி குழாயோடு ஒட்டிக் கட்டினார். கமிட்டி டீ குடிக்க ஆபீசுக்குப் போனது.

நீலி சிரித்தாள். "ஓடியிருக்கணும் அம்மிணி."

"ஓடற காலா இது? சரி, ஓடியிருந்தா என்ன எழுதியிருப்பாங்க?"

நீலி வாயில் இருந்ததை மெல்லாமல் யோசித்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. "இந்தக் கயிறு பத்தாதுன்னு எழுதியிருப்பாங்க."

"அப்ப படுத்தாலும் கயிறு, ஓடினாலும் கயிறு. நமக்குன்னு என்னதான் இருக்கு?"

"மடி இருக்கு," என்றாள் நீலி.

சாயங்காலக் கறவைக்கு முன்னால் அந்தப் பேச்சு கொட்டகையின் கடைசிவரை போய்விட்டது. கடைசியில் நின்ற கிடாரி ஒருத்தி நடுங்கினாள். முதல் ஈற்று, உலகம் தெரியாதவள்.

"பாலை அடக்கினா அடிமாட்டுக்கு வித்துருவாங்களே அக்கா!"

"ஒருத்தி அடக்கினா விப்பான்," என்றாள் நீலி. "எல்லாரையும் வித்துட்டு, அவனே வந்து கட்டுத்தறியில நின்னு பால் குடுப்பானா?"

கறவை இயந்திரம் வந்தது. எப்போதும் பெருமையாக உறுமிக்கொண்டு வரும் பேர்வழி. தவிட்டியின் காம்பைப் பிடித்தது. இழுத்தது. உறுமல் இருமலாக மாறியது.

"என்ன தாயி இது? வெறுங்காத்து வருது!"

நீலியிடம் போனது. காற்று. அடுத்தவளிடம் போனது. காற்று.

நாச்சிமுத்து ஓடி வந்தார். கூடுதல் தீவனம் வைத்தார். தின்றார்கள், பால் வரவில்லை. ரேடியோவில் பாட்டு வைத்தார். கேட்டார்கள், பால் வரவில்லை. இன்னும் இறுக்கினால் வரும் என்று கயிறு யோசனை சொன்னது. இறுக்கிப் பார்த்தார். இயந்திரத்துக்கு மூச்சு முட்டியதுதான் மிச்சம். வாசலில் பால் கம்பெனியின் டேங்கர் ஹாரன் அடித்தது.

பால் சுரக்க ஊசி ஒன்று உண்டு. அலமாரியில் கைவைத்த பிறகுதான் நாச்சிமுத்துவுக்கு நினைவு வந்தது: ஆபீசில் கமிட்டி இன்னும் வடை தின்றுகொண்டிருக்கிறது. ஊசியைப் பார்த்தால் அதை எழுதிவிடுவார்கள். கையை எடுத்துக்கொண்டார். கமிட்டியால் மாடுகளுக்குக் கிடைத்த ஒரே நன்மை இதுதான். அதுவும் கமிட்டிக்குத் தெரியாது.

"என்னதான் வேணும் உங்களுக்கு?" என்று கத்தினார் நாச்சிமுத்து.

"ஒரு முழம்," என்றாள் தவிட்டி.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தவிட்டியின் கயிற்றை ஒரு முழம் நீட்டினார். இயந்திரம் ஆவலாக அவள் காம்பைப் பிடித்தது. காற்று.

"நீட்டிட்டேனே!"

"எனக்கு நீட்டினீங்க. இவளுக்கு?"

நீலி தலையைத் திருப்பித் தவிட்டியைப் பார்த்தாள்.

டேங்கர் மறுபடியும் ஹாரன் அடித்தது. நாச்சிமுத்து வரிசை முழுக்க ஓடி ஓடிக் கயிறுகளை நீட்டினார். கடைசிக் கிடாரியின் முடிச்சு அவிழ்ந்ததும் கொட்டகை எங்கும் ஒரே சமயத்தில் பால் இறங்கிற்று.

மாடுகள் விதியை மீறவில்லை. கறந்த பின் சிறிது நேரம் நின்றன. பிறகு படுத்தன.

மறுநாள் காலை பண்ணை வாசலில் பந்தல் போட்டு விழா நடந்தது. அளவுநாடா அறிக்கை வாசித்தார். கமிட்டியின் பரிந்துரையை ஏற்று, நிர்வாகம் தானாக முன்வந்து, பெருந்தன்மையோடு கயிறுகளை நீட்டியதாக அதில் இருந்தது. நாச்சிமுத்துவுக்குச் சால்வை போர்த்தினார்கள். "நீள வேண்டும் என்பது என் நெடுநாள் கனவு," என்று கயிறு கண்கலங்கிப் பேசியது. மாடுகள் பாலை அடக்கியதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடைசியாக, கொட்டகையில் படுத்திருந்த தவிட்டியின் கழுத்திலிருந்து மணி பேசியது. "இப்போது மாடுகள் அனைவரும் எழுந்து நின்று கமிட்டிக்குத் தங்கள் நன்றியைத் தெரிவிப்பார்கள்," என்று அறிவித்தது.

ஒருத்தியும் எழவில்லை.