மயில்துத்தம்

பூங்கோதைக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. ஏறாதா பின்னே? மறுநாள் மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வு. அதற்கான மயில்துத்தக் கரைசலை, அதாவது காப்பர் சல்ஃபேட் கரைசலை, அவளும் கூட ஆராய்ச்சி செய்யும் சுடலைமுத்துவும் ஆளுக்கொரு குடுவையில் தயாரித்திருந்தார்கள். இரண்டும் ஒரே செறிவில் இருக்க வேண்டும்: லிட்டருக்குப் பத்தில் ஒரு பங்கு மோல். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவளுடையதைவிட அவனுடையது நல்ல அடர்நீலமாக இருந்தது.

அவ்வளவுதான். ஆய்வகத்தில் எல்லார் முன்னாலும் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டாள்.

"கண்ணளவுக்கு அள்ளிப் போடுறவனுக்கு ஆராய்ச்சி எதுக்கு? ஊருக்குப் போய் மாடு மேய்!"

சுடலைமுத்து பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துவிட்டான்.

அதே சூட்டோடு பேராசிரியர் ஜெபமணியின் முன்னால் போய் நின்றாள்.

"அவனை இனிமே உள்ளேயே விடாதீங்க சார். பிள்ளைங்க மார்க்கெல்லாம் போயிருக்கும்லா?"

"உன் கணக்கைச் சொல்லும்மா."

"என் கணக்கா?"

அவளுக்குச் சுருக்கென்றது. கணக்கில் அவளைக் குறை சொல்ல இதுவரை ஒருத்தரும் பிறந்து வரவில்லை.

"ஒரு மோல் நூத்தி அறுபது கிராம். அதுல பத்துல ஒரு பங்கு பதினாறு. நிறுத்துக் கரைச்சு ஒரு லிட்டராக்கினேன். இதுல என்ன தப்பு?"

"கணக்குல தப்பில்ல."

"அப்புறம் என்ன சார்!"

ஜெபமணி, அவள் நிறுத்தெடுத்த அதே ஜாடியிலிருந்து கொஞ்சம் நீலப் படிகத்தைச் சோதனைக்குழாயில் போட்டு, குழாயைச் சாய்த்துப் பிடித்து, பர்னரில் காட்டினார். நீலம் மெல்ல வெளுத்தது. குழாயின் வாய்ப்பக்கம் தண்ணீர் துளித்துளியாகத் திரண்டது.

பூங்கோதைக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. நியாயம் கேட்டு வந்து நின்றால், இவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் காட்டுகிற வித்தையைக் காட்டுகிறாரே!

"படிகத்துக்குள்ள தண்ணி இருக்கும்னு எனக்குத் தெரியாதா சார்?"

"தெரியும். அந்தத் தண்ணியோட சேர்த்தா ஒரு மோல் எவ்வளவு?"

"இருநூத்தி அம்ப..."

பாதியில் நின்றுவிட்டாள். நூற்று அறுபது என்பது குழாயில் மிஞ்சிய வெள்ளைப் பொடியின் கணக்கு. அவள் தராசில் வைத்ததோ தண்ணீரும் சேர்ந்த நீலப் படிகம். முகம் சுண்டிப்போயிற்று.

சட்டென்று ஜாடியை எடுத்துக்கொண்டு தராசுப் பக்கம் திரும்பினாள்.

"இருபத்தஞ்சு கிராம் சார். இப்பவே புதுசாப் போட்டுடுதேன்."

ஜெபமணி அவள் கையிலிருந்து ஜாடியை வாங்கிக்கொண்டார்.

"இதை நான் போட்டுக்கிடுதேன். அவன் இன்னும் பஸ் ஏறியிருக்க மாட்டான். நீ ஓடு."