விலைக்குப் போகாத அமீர்

அந்தக் காலத்தில் கெய்ரோ கோட்டையில் ஒரு வழக்கம் இருந்தது. சந்தையில் அடிமையாக வாங்கப்பட்டவன்தான் குதிரைப்படையில் சேரலாம், அமீர் என்னும் படைத்தலைவனாகலாம். சுதந்திரமாகப் பிறந்தவனுக்கு அங்கே இடமில்லை. சுல்தானே அப்படி வந்தவர்தான்.

அமீர் அல்துன்பாய்க்கு மட்டும் தலைக்கனம் ஏறிவிட்டது. "நான் ராஜவம்சம், என்னை எவனும் விற்கவில்லை" என்று பீற்றிக்கொண்டார். படைவீரன் சஞ்சருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "நாம ரெண்டு பேரும் ஒரே கயிற்றில் கட்டுண்டு சந்தைக்கு வந்தோமே, ஐயா!" என்றான்.

மறுநாள் சுல்தானின் சபையில் அமீர் சஞ்சரைப் பார்த்து உறுமினார். "நான் விற்கப்பட்டதற்குச் சாட்சி கொண்டுவா. இல்லாவிட்டால் உன் தலை போகும்."

சாட்சிக்கு எங்கே போவான்? கூட வந்தவர்கள் எல்லோரும் போரில் செத்துப்போயிருந்தார்கள். வாள்காரன் வந்து முதுகுக்குப் பின்னால் நின்றான். சஞ்சர் சுல்தான் பக்கம் திரும்பினான்.

"நான் சொன்னது பொய், சுல்தானே. அமீர் சுதந்திரமாகப் பிறந்தவர். அவருடைய குதிரையையும் வாளையும் இனி யாரிடம் ஒப்படைக்கட்டும்?"

சுல்தான் அமீரையே பார்த்தார். சிரிக்கவில்லை.

அமீர், "விற்றார்கள்! என்னையும் விற்றார்கள்!" என்று அலறினார்.

"சாட்சி?" என்று கேட்டார் சுல்தான்.

அமீர் ஓடிப்போய் வாள்காரனின் கையைப் பிடித்துக்கொண்டார். "வெட்டிவிடாதே அப்பா! இவனை விட்டால் எனக்கு வேறு யாருமில்லை!"