கறுப்பி சேர்த்து வைத்த சருகு

கிராம்புத் தோட்டத்துக்குக் கீழே ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டுக் கூரை, ஒரு கிணறு, பின்னால் ஒரு பன்றிக் கொட்டில், அவ்வளவுதான். அங்கே பட்டப்பகலிலும் பனி இறங்கும். காய்கிற கிராம்பின் வாசனையில் வருகிறவர்களுக்கெல்லாம் கண் சொக்கும்.

குருவின் பெயர் ஞானசுந்தரி. யாரோ நேர்ச்சையாக விட்டுப்போன ஒரு பன்றியை விரட்ட மனம் வராமல் வளர்த்துவந்தார். கறுப்பி என்று கூப்பிடுவார். அது தலைச்சூலாக இருந்தது.

அந்த மடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் என்ன துக்கத்தோடு வந்தாலும் கையில் ஒரு வாரியலைக் கொடுப்பார்கள். மனசு ஆறுகிறவரை பெருக்க வேண்டும். பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு வந்து நின்ற ஜெசிந்தாவுக்கும் அதைத்தான் கொடுத்தார் குரு. ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, ஜெசிந்தா நன்றாகப் பெருக்கினாள். முற்றம், கிணற்றடி, கொட்டில் எல்லாம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

ஒரு நாள் காலையில் அவளே வாயைத் திறந்தாள்.

"அம்மா, நாளைக்கு எங்க வீட்டுக்காரர் பிள்ளையைத் தூக்கிட்டு வர்றாராம். வர வேண்டாம்னு சொல்லி அனுப்பிருங்க."

"ஏன் மக்கா?"

"பிள்ளை அழுதா எனக்கு மண்டைக்குள்ள என்னமோ ஆகுது. அன்னைக்கு தலையணையைக் கையில எடுத்துட்டேன். அப்புறம் அதைக் கீழ போட்டுட்டு ஓடி வந்துட்டேன். இனி அது பக்கத்துல போக மாட்டேன். நானெல்லாம் ஒரு தாயா, சொல்லுங்க?"

குரு பதில் சொல்வதற்குள் கொட்டிலில் ஒரு கீச்சுக்குரல் கேட்டது. இருவரும் ஓடினார்கள்.

கறுப்பி குட்டி போடத் தொடங்கியிருந்தது. முதல் குட்டியை அதுவே கடித்துப் போட்டிருந்தது. அதில் உயிர் இல்லை. இரண்டாவது குட்டி கத்திக்கொண்டே காலடியில் தடுமாற, கறுப்பி அதன் பக்கமும் திரும்பியது.

ஜெசிந்தா மூலையில் கிடந்த கம்பை எடுத்தாள்.

"பேய்ப் பன்னி. பெத்ததையே கடிக்குது. இதைக் கொன்னாலும் பாவமில்ல."

குரு கம்பைப் பிடித்துக்கொண்டார். "கூடையை எடு. சாக்கு விரி."

ஒரு பலகையைக் குறுக்கே பிடித்து, பின்பக்கமாகக் கையை நீட்டி, குட்டியை எடுத்துக் கூடையில் விட்டார். கறுப்பி மூச்சிரைத்து நின்றது. வெறும் சிமெண்டுத் தரையை மூக்கால் முட்டி முட்டித் தேடியது.

"இங்க பலாச்சருகு கிடந்துதே?" என்றார் குரு.

"நான்தான் பெருக்கித் தள்ளினேன். தள்ளத் தள்ள வாயில கவ்விக் கொண்டாந்து போட்டுது. என்கிட்ட வீம்பு பண்ணுதுன்னு நெனச்சேன்."

"அது குட்டி போடப் படுக்கைக்குச் சேர்த்தது. படுக்கை இல்லாம மிரண்டு போச்சு."

ஜெசிந்தா இறந்த குட்டியைப் பார்த்தாள். "அப்போ அதைக் கொன்னது நானா அம்மா?"

"வாரியலைக் குடுத்தது நான்."

குரு குப்பைக்குழிக்குப் போய், தள்ளிய சருகையெல்லாம் முந்தானையில் அள்ளிவந்து கொட்டினார். ஜன்னல்களில் சாக்கைத் தொங்கவிட்டார். கொட்டிலுக்குள் இருட்டு வந்தது. பனியும் மெல்ல உள்ளே வந்தது.

கறுப்பி சருகை முகர்ந்தது. வாயால் இழுத்து, காலால் ஒதுக்கி, சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் படுத்தது. ஒவ்வொரு குட்டியாக வந்தது. வர வரக் குரு எடுத்துக் கூடைக்கு மாற்றினார்.

கூடை ஜெசிந்தாவின் மடியில் இருந்தது. இளஞ்சூடாக இருந்தது. குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி முனகின. அவளுக்கும் கண் செருகியது. தான் உட்கார்ந்திருப்பது கொட்டிலா, தன் வீட்டு அறையா என்று ஒரு கணம் தெரியவில்லை. எங்கோ தூரத்தில் தன் பிள்ளை அழுவதுபோல இருந்தது. குனிந்து பார்த்தால் ரவிக்கை நனைந்திருந்தது. பால் வற்றிப்போயிற்று என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள்.

நஞ்சுக்கொடி விழுந்தது. கறுப்பியின் மூச்சு நிதானமானது. குரு கூடையிலிருந்து ஒரு குட்டியை எடுத்து, பின்பக்கமாகக் கொண்டுபோய்க் காம்பில் வைத்தார். கறுப்பி தலையைத் தூக்கியது. ஜெசிந்தா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

கத்தல் எதுவும் கேட்கவில்லை. ம்ம், ம்ம் என்று அடித்தொண்டையில் ஒரு சத்தம் மட்டும் வந்தது. கறுப்பி தலையைச் சருகில் சாய்த்துக்கொண்டது. குரு அடுத்த குட்டியை எடுத்தார்.

கூடை காலியான பிறகு ஜெசிந்தா கேட்டாள்.

"காலையில பேயா நின்னுது. இப்ப தாயாக் கிடக்குது. இதுல எது நெசம் அம்மா?"

"உனக்குப் பிள்ளை பிறந்தப்ப பக்கத்துல யார் இருந்தா?"

"வீடு நிறைய ஆளு. வர்றவங்க எல்லாரும் பிள்ளையைப் பார்த்தாங்க. நான் கண்ணை மூடினா எழுப்பிவிட்டாங்க. பால் குடு, காபி போடு, வந்தவங்களுக்கு முகம் காட்டுன்னாங்க." அவள் காலிக் கூடையை இறுக்கிப் பிடித்தாள். "அம்மா, நான் ஒரு ராத்திரிகூடத் தூங்கல."

ஜெசிந்தா வெகுநேரம் அழுதாள். சருகுக்குள் குட்டிகள் குடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நாளைக்கு அவரை வரச் சொல்லவா, வேண்டாம்னு சொல்லவா?" என்றாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"வரட்டும். பிள்ளைக்கு என் மடிதான் கூடை," என்றார் குரு. "நீ அந்த வாரியலைக் குடுத்துட்டுப் போய்ப் படு."