பாறைமேல் வாடாத புல்

கரட்டுக் காட்டில் செவலை என்றொரு முயல் இருந்தது. போன கோடையில் புல் கருகியபோது அதன் குட்டிகளில் இரண்டு பட்டினியில் செத்துப்போயின. இந்தப் பங்குனியிலும் புல் பழுக்கத் தொடங்கிவிட்டது. மிச்சமிருந்த குட்டிகளின் விலா எலும்புகளை இப்போதே எண்ணிவிடலாம்போல் இருந்தது.

குன்றின் உச்சியில் ஒரு வழுக்குப் பாறை. அதன் இடுக்கில் கோடையிலும் நீர் கசியும். ஆனால் பாறையில் ஒரு பிடி மண் கிடையாது. கசிந்த நீரெல்லாம் வீணாய் வழிந்து காய்ந்துவிடும்.

"மண் இல்லையென்றால் என்ன? நாமே செய்துவிடுவோம்!" என்றது செவலை.

பெருச்சாளி மொக்கையன் விழுந்து விழுந்து சிரித்தது. "மண்ணைச் செய்யறதா? அக்கா, வெயில் உன் மண்டைக்கு ஏறிடுச்சு!"

செவலை விடவில்லை. எரிந்த மரத்துக் கரியைப் பொடித்தது. பனைநாரைக் கடித்துத் துண்டாக்கியது. காற்றில் பறந்துவிடாமலிருக்க வேப்பம் பிசினைக் கலந்தது. பாறையில் பரப்பி விதை தூவியது. முளைத்த புல் மறுநாளே சுருண்டது. ஈரத்தைப் பிடித்துவைக்கக் களிமண் வேண்டும். நல்ல களி இருந்தது ஒரே இடத்தில்தான். வற்றிப்போன குளத்தின் அடியில்.

அங்கே மழைக்காகக் காத்துத் தவளைகள் உறங்கிக்கொண்டிருந்தன. குளம் வற்றும்போது அவை சேற்றுக்குள் புதைந்துகொள்ளும். மழை வரும்வரை குளத்துக்குள் யாரும் கால் வைப்பதில்லை என்பது அந்தக் காட்டின் வழக்கம். புதையும் முன் குண்டுமணித் தவளை செவலையிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தது. "எங்க தலைக்குமேல யாரும் நடக்காம பாத்துக்கோ, தாயி! உன்னை நம்பித்தான் கண்ணை மூடறோம்!"

'மேலாகக் கொஞ்சம் சுரண்டினால் அவற்றுக்குத் தெரியவா போகிறது?' என்று செவலை தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டது. மேல்களி வெடித்துக் கட்டியாய்க் கிடந்தது, உதவவில்லை. மொக்கையனை அழைத்து இன்னும் தோண்டச் சொன்னது. ஆழத்துக் களி வெண்ணெய்போல் வந்தது. குளத்தடி முழுக்க வழித்த களியைப் பாறைக்கு இழுத்துப்போய், கரியும் நாரும் பிசினும் சேர்த்து முயல் கூட்டமும் மொக்கையனும் நின்று மிதித்தன.

மொக்கையன் சட்டென்று நின்றது. "அக்கா! களிக்குள்ள என்னமோ நெளியுது!"

செவலையின் காலடியிலும் நெளிந்தது. மெத்தென்று, குளிர்ச்சியாக. அது என்னவென்று செவலைக்குத் தெரியும். தெரிந்தும், குட்டிகள் கிடந்த பக்கம் ஒருமுறை பார்த்தது.

"புழுவா இருக்கும். மிதி!"

"புழு இத்தனை பெரிசாவா இருக்கும்?"

"மிதிடா!"

மிதித்தன.

சித்திரை வெயிலில் காடே வெளுத்துக் கிடக்க, பாறை மட்டும் பச்சைப்பசேல் என்றிருந்தது. குட்டிகள் கொழுத்தன. "செவலையைப்போல உண்டா!" என்று எல்லாரும் புகழ்ந்தார்கள். செவலை மட்டும் அந்தப் புல்லில் ஒருநாளும் படுக்கவில்லை. மொக்கையன் வேறு குன்றுக்குக் குடிபோய்விட்டது.

மழை வந்தது. குளம் நிறைந்தது. ஒரு தவளைகூடக் கத்தவில்லை.

செவலை கரையில் போய் நின்றது. "குண்டுமணி! மழை வந்திருச்சு!" என்று கூப்பிட்டது.

மழையோடு வெட்டுக்கிளிக் குஞ்சுகள் பொரிந்தன. வருஷந்தோறும் பொரிப்பவைதான், தவளைகள் விழுங்கிவிடும். இந்த வருஷம் விழுங்க ஆளில்லை. அவை வளர்ந்து, கூட்டமாய்க் கிளம்பி, புல்லையும் புதரையும் மொட்டையடித்தன. கடைசியில் பாறைக்கு வந்தன. வாடாத புல் ஒரே பொழுதில் வேரோடு தீர்ந்தது.

குட்டிகள் பசியில் கத்தின. பிறகு கத்தவில்லை. செவலை வெறும் பாறையில் உட்கார்ந்திருந்தது. பிசினில் இறுகிய களியிலிருந்து சின்னச் சின்ன எலும்புகள் வெள்ளையாய்த் துருத்திக்கொண்டிருந்தன.

நம்பி உறங்குகிறவர்களை மிதித்து வளர்த்த செழிப்பு, மிதித்தவரின் பிள்ளைகளுக்கே எமனாக வந்து நிற்கும்.