அரளிக்கிளையும் மூன்று குடம் பாலும்

கேளுங்கள் பிள்ளைகளே, பிள்ளைகளைப் பெற்றவர்களே, நீங்களும் கேளுங்கள். ஆற்றைக் கடக்கப் பாலமும், ஊருக்குப் போகச் சாலையும் இல்லாத காலம் அது. வெண்மணல் நாட்டை ஒரு ராஜா ஆண்டுவந்தார்.

அவருடைய கோட்டையிலிருந்து ஒரு நாழிகை நடந்தால் ஒரு மாட்டுக்கொட்டில் வரும். அதில் மூன்று பசுக்கள் நின்றன. ஒன்று செவலை, ஒன்று காரி, ஒன்று மயிலை. அவற்றை வளர்த்தவர்கள் சாத்தனும் அவன் மனைவி நாச்சியும். தேவானை என்று மூன்று வயது மகள் அவர்களுக்கு இருந்தாள்.

செவலைக்குப் பாட்டுப் பாடினால்தான் பால் சுரக்கும். காரிக்குக் கழுத்தைச் சொறிந்துவிட வேண்டும். மயிலைக்கு எதுவுமே வேண்டாம், நாச்சியின் கை மடியில் பட்டால் போதும். காலையில் சாணம் அள்ளி, பால் கறந்து, தயிர் கடைய உட்காருவாள் நாச்சி. திரண்டு வருகிற வெண்ணெயை ஒரு விரலில் எடுத்து மகளின் வாயில் வைப்பாள். குழந்தை கண்ணை மூடிக்கொண்டு விரலைச் சப்பும். "ராஜா வீட்டில் இதைவிட என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது?" என்று சாத்தன் சிரிப்பான்.

அந்த ராஜா வீட்டிலிருந்தே ஒருநாள் ஆள் வந்தது.

ராஜாவுக்கும் ராணிக்கும் பன்னிரண்டு வருடம் பிள்ளை இல்லை. தவமாய்த் தவமிருந்து பிறந்த பெண் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்கு முதல் சோறு ஊட்டப் போகிறார்கள். பால்சோறு. அதற்கு மூன்று குடம் பால் நாச்சியின் வீட்டிலிருந்து வர வேண்டும் என்று ராணியே சொல்லி அனுப்பியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. விடியும்போதே நாச்சி கறந்து முடித்தாள். செவலையின் பால் ஒரு குடம், காரியின் பால் ஒரு குடம், மயிலையின் பால் ஒரு குடம். தேவானைக்கு என்று மயிலையின் பாலில் ஒரு செம்பு எடுத்து வைத்தாள். சாத்தன் வெளுத்த வேட்டி கட்டி, குடங்களைக் காவடியில் ஏற்றிக்கொண்டு கோட்டைக்குப் புறப்பட்டான்.

வெளிச்சம் நன்றாக வந்தபின் கொட்டிலைக் கூட்டப் போனாள் நாச்சி.

மயிலையின் கயிறு முளையில் இல்லை, தரையில் கிடந்தது. கறக்கும்போது அரையிருட்டில் அதை அவள் கவனிக்கவில்லை. நேற்று மாலை கட்டியது அவள்தான். அவசரத்தில் ஒற்றை முடிச்சோடு விட்டுவிட்டாள். பின்பக்கம் ஓடிப் பார்த்தாள். வேலியோரம் நின்ற அரளிச்செடியில் பாதிக் கிளைகள் இல்லை. இலைகள் தரையெல்லாம் சிதறிக் கிடந்தன. சேற்றில் மாட்டின் குளம்படி.

அரளியைத் தின்ற மாடு பிழைக்காது. அதன் பாலைக் குடித்தவர் கதி என்ன? மயிலையின் முகத்தைப் பார்த்தாள். அது அசைபோடவில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது.

'வேறு யாருடைய ஆடாவது மேய்ந்திருக்கும்' என்றது அவள் மனசு.

'தின்றிருந்தாலும் ஒரு வாய்தான் இருக்கும். அத்தனை சோற்றில் அது என்ன செய்யும்?' என்றது மறுபடியும்.

'வெளியே சொன்னால் குடும்பத்தோடு நாட்டைவிட்டே துரத்திவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டு இரு' என்றது மூன்றாவது முறை.

நாச்சி வாயை மூடிக்கொண்டாள். துடைப்பத்தை எடுத்து இலைகளைக்கூடக் கூட்டித் தள்ளிவிட்டாள். உள்ளே வந்தால் தேவானை எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, பால்."

நாச்சி செம்பை எடுத்தாள். குழந்தை இரண்டு கையையும் நீட்டியது. செம்பு பாதி வழியில் நின்றுவிட்டது. கை நீளவில்லை. எவ்வளவு முயன்றும் நீளவில்லை.

பாலை வாசலில் கவிழ்த்தாள். அழுத மகளைப் பக்கத்து வீட்டில் விட்டாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கோட்டையைப் பார்த்து ஓடினாள்.

பாதி வழியில் சாத்தன் எதிரே வந்தான். தோளில் புதுப் பட்டு, வாயில் வெற்றிலை. அவள் சொன்னதைக் கேட்டதும் வெற்றிலையைத் துப்பிவிட்டான்.

"மாடு தின்றதை நீ கண்ணால் பார்த்தாயா?"

"பார்க்கவில்லை."

"அப்புறம் என்ன? வீட்டுக்கு வா நாச்சி. ஒன்றும் இருக்காது. நாமே போய் விஷம் என்று சொன்னால் நம் தலையல்லவா போகும்!"

"நம் தேவானைக்கு அந்தப் பாலை நீங்கள் கொடுப்பீர்களா?"

சாத்தன் காவடியைப் புதரோரம் போட்டுவிட்டு அவளுக்கு முன்னால் ஓடத் தொடங்கினான்.

கோட்டை வாசலில் காவலன் சாத்தனை மறித்தான். காவலனின் கைக்கடியில் குனிந்து நாச்சி நுழைந்தாள். சமையற்கட்டில் தலைமைச் சமையற்காரர் அதட்டினார். "பால்சோறு எப்போதோ சபைக்குப் போய்விட்டது, போ வெளியே!" அவரைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். சபையில் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. ராஜாவின் மடியில் குழந்தை. ராணியின் கையில் பொற்கரண்டி. கரண்டி குழந்தையின் உதட்டருகே போய்விட்டது.

"ஊட்டாதீர்கள்!" என்று கத்தினாள் நாச்சி.

மேளம் நின்றது. கரண்டியும் நின்றது. மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். ஒற்றை முடிச்சு போட்டதையும் சொன்னாள், இலைகளைக் கூட்டித் தள்ளியதையும் மறைக்கவில்லை.

வைத்தியர் சோற்றை முகர்ந்து பார்த்தார். "இது மணத்தில் தெரியாது அரசே. மாட்டைப் பார்த்தால் தெரியும். அரளி தின்றிருந்தால் பொழுது சாய்வதற்குள் விழுந்துவிடும்."

வைத்தியர் கொட்டிலுக்குப் போனார். சாத்தனும் நாச்சியும் ஒரு தூணடியில் உட்கார வைக்கப்பட்டார்கள். முகூர்த்தம் தாண்டியது. விருந்தினர் பசியோடு முணுமுணுத்தார்கள். மாடு விழுந்தால் மயிலை போய்விடும். விழாவிட்டால் இத்தனை பேர் விருந்தைக் கெடுத்த பழி வரும். எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் நாச்சி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாத்தன் அவள் கையை விடவே இல்லை.

பொழுது சாய்ந்தபின் வைத்தியர் திரும்பி வந்தார்.

"மாடு நன்றாக இருக்கிறது. ஒரு கட்டுப் புல்லைத் தின்றுவிட்டு அசைபோடுகிறது. அரளிக்கிளைகளை மாடு கடிக்கவில்லை அரசே, யாரோ கத்தியால் வெட்டியிருக்கிறார்கள். பயத்தில் இவள் அதைப் பார்க்கவில்லை."

பூமாலை கட்டுகிறவன் கூட்டத்திலிருந்து முன்னே வந்தான். "வெட்டியது நான்தான். தோரணத்துக்குச் செவ்வரளி போதவில்லை. விடியும் முன்னால் அந்த வேலியில் வெட்டினேன். அவிழ்ந்து வந்த மாட்டைக் கோலால் விரட்டிவிட்டேன். அதில்தான் மிரண்டுபோயிருக்கும்."

சபை சிரித்தது. மந்திரி மட்டும் சிரிக்கவில்லை. "அரசே, நல்ல பாலை விஷம் என்றாள். நல்ல நேரத்தைக் கெடுத்தாள். இவளைத் தண்டிக்காமல் விட்டால் நாளைக்கு ஆளுக்கு ஆள் கத்திக்கொண்டு வருவார்கள்."

ராஜா ராணியைப் பார்த்தார். ராணி எழுந்து தூணடிக்கு வந்தாள்.

"மாடு தின்றது உனக்கு நிச்சயமாகத் தெரியாது. சொன்னால் தண்டனை என்று தெரியும். பிறகு ஏன் வந்தாய்?"

"என் பிள்ளைக்குக் கொடுக்க என் கை நீளவில்லை, தாயே. உங்கள் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு நான் எப்படிச் சும்மா இருப்பேன்?"

ராணி திரும்பி மந்திரியிடம் சொன்னாள்: "நல்ல பாலைக் கொடுக்க இந்த நாட்டில் நூறு வீடு உண்டு. கெட்டிருக்குமோ என்று தோன்றியதும் ஓடிவந்து தடுக்க எத்தனை வீடு உண்டு? நாளைக்குக் காலையில் என் மகளுக்கு முதல் சோறு. பால் இவள் வீட்டிலிருந்து வரட்டும். அந்த மயிலையின் பாலே வரட்டும்."

மறுநாள் நாச்சி மயிலையின் மடியைத் தொட்டாள். பால் நுரைபொங்கக் குடத்தில் இறங்கியது. அந்தப் பாலில் பிசைந்த சோற்றை ராணி ஊட்டினாள். குழந்தை முதல் வாயைத் துப்பியது, இரண்டாம் வாயைச் சப்பியது, மூன்றாம் வாய்க்குத் தானே வாயைத் திறந்தது. பன்னிரண்டு வருடம் சிரிப்பை மறந்திருந்த அந்த அரண்மனையே குலுங்கிச் சிரித்தது. எல்லோருக்கும் பின்னால் நின்று நாச்சியும் சிரித்தாள்.

ஆகவே தெரிந்துகொள்ளுங்கள்: பிறருக்குத் தீங்கு வருமோ என்ற ஐயம் எழுந்தால், அதை மறைத்துத் தப்பிப்பதைவிட வாய்விட்டுச் சொல்லி அவமானப்படுவதே மேல்.