இருவாச்சியின் தொண்டைப் பை

மலைக்காட்டில் ஒரு மரப்பொந்துக்குள் செம்பி என்ற இருவாச்சிப் பறவை குஞ்சு பொரித்திருந்தாள். பாம்புக்குப் பயந்து பொந்தின் வாயைச் சேற்றால் பூசி அடைத்திருந்தாள். அலகு நீட்டும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். இரை கொண்டுவர வேண்டியவன் அவள் கணவன் மலையன்.

அத்திமரம் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருந்தது. மலையன் ஒரு பழம் பறிப்பான், பறந்து வந்து ஊட்டுவான், மறுபடி போவான். மத்தியானம் மூடுபனி இறங்கிவிடும். அதற்குள் நாலு நடைதான் போய்வர முடியும்.

"நாலையும் குஞ்சே தின்றுவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை" என்றாள் செம்பி.

"நாளைக்கு இன்னும் வேகமாகப் பறக்கிறேன்" என்றான் மலையன்.

வேகமாகப் பறந்தும் அதே நாலுதான். மூன்றாம் நாள் பசியில் சோர்ந்து குஞ்சு கத்தவேயில்லை. இரண்டாவது நடையில் மலையன் அத்திக்கிளையில் உட்கார்ந்து அழுதுவிட்டான்.

பக்கத்துக் கிளையில் ஒரு சிங்கவால் குரங்கு, இரண்டு கன்னமும் பழத்தால் புடைக்க உட்கார்ந்திருந்தது. "பழம் பறிக்க எவ்வளவு நேரம் ஆகிறது உனக்கு?" என்று கேட்டது.

"கண் இமைக்கிற நேரம்."

"பறந்து போக?"

"காலை முழுக்க அதற்குத்தான் போகிறது."

"அவ்வளவு தூரம் ஒரே ஒரு பழத்தோடா போகிறாய்? என் கன்னத்தைப் பார். உனக்குத்தான் தொண்டையில் பை இருக்கிறதே."

"அடைத்துக்கொண்டு போனால் பேராசைக்காரன் என்பார்களே."

"சொல்லிவிட்டுப் போகட்டும். உன் குஞ்சுக்குப் பசிக்கிறது."

மலையன் ஆசையாக இருபது பழம் விழுங்கினான். இறக்கையை அடித்தான். உடம்பு எழும்பவில்லை. குரங்கு விழுந்து விழுந்து சிரித்தது. எட்டைக் கக்கிவிட்டுப் பன்னிரண்டோடு பறந்தான்.

பொந்துக்கு வந்ததும் எல்லாவற்றையும் கொட்டப் போனான்.

"பொறுங்கள்! கீறலில் ஒன்றுதான் நுழையும். மற்றது கீழே விழுந்தால் போச்சு" என்றாள் செம்பி.

மலையன் ஒவ்வொன்றாக அலகு நுனிக்குக் கொண்டுவந்தான். குஞ்சு ஒன்றை விழுங்கும்போதே அடுத்தது தயாராக இருந்தது. பாதிப் பழங்கள் தீர்வதற்குள் குஞ்சு வயிறு நிறைந்து, தெம்பாகக் கத்தத் தொடங்கிவிட்டது. மீதியைச் செம்பி தின்றாள். மூடுபனி இறங்குவதற்குள் இன்னும் இரண்டு நடை போய்வந்தான்.

"இனிமேல் மெதுவாகவே பறந்து வாருங்கள்" என்று உள்ளிருந்து சொன்னாள் செம்பி.

தூரத்துப் பொருளைத் தேடிப் பலமுறை ஓடுவதைவிட, ஒரு நடையில் சுமக்க முடிந்த அளவு கொண்டுவந்து கைக்கெட்டும் இடத்தில் வைத்து, வேண்டியபோது ஒவ்வொன்றாக எடுப்பதே கெட்டிக்காரத்தனம்.