உப்பை யார் விற்பார்கள்?

"உப்பு விக்கிறது எப்படின்னு சொல்லிக்கொடுக்க எல்லாரும் போயிட்டா, உப்பை யாரு மாமா விப்பாங்க?"

முன்னொரு காலத்தில், பெயர் இன்று யாருக்கும் நினைவில்லாத ஒரு நாட்டின் சந்தையில், பூவாயி என்ற ஆறு வயதுக் குழந்தை இப்படிக் கேட்டாள். கேட்கப்பட்டவன் அரசவை விகடனான தாண்டவன். எதற்கும் பதில் வைத்திருப்பவன் என்று பெயர் எடுத்தவன் அவன். அந்தக் கேள்வி எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்நாட்டு அரசர் கெட்டவர் அல்லர். ஆனால் வருடத்துக்கு ஒரு ஆசை அவருக்கு வரும். ஒரு வருடம் அரண்மனை முழுவதும் புறாக்கூண்டுகள். மறு வருடம் சுவரெல்லாம் கண்ணாடிகள். ஆசை வந்து போனபின் கூட்டிப் பெருக்குவது மற்றவர்கள் வேலை. அந்த வருடம், தம் குடிகள் எல்லோரும் ஒரே மாதத்தில் செல்வந்தர் ஆகிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. நல்ல ஆசைதான். அதனாலேயே அதைத் தடுக்க யாருக்கும் வாய் வரவில்லை.

கருவூல அதிகாரி அனந்தநம்பி நேரம் பார்த்து ஒருவரைச் சபைக்கு அழைத்து வந்தார். சர்வலாப குரு என்று பெயர். வியாபாரத்தில் வெல்லும் வழியைக் கற்றுத்தருவாராம். அவர் பின்னால் பட்டு உடுத்திய சீடர்கள் பதினொரு பேர் நின்றார்கள்.

"மன்னா, நான் வெள்ளரிப் பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தவன். குருவின் பாடம் கேட்டேன். இன்று பாருங்கள்" என்று ஒருவன் கையை நீட்டி மோதிரங்களைக் காட்டினான்.

தாண்டவன் மெல்ல எழுந்தான். "ஐயா, இப்போது தாங்கள் என்ன விற்கிறீர்கள்?"

"வெற்றியை விற்கிறேன்."

"அது படி என்ன விலை?"

சபை சிரித்தது. அரசர் சிரிக்கவில்லை. ஓர் ஆசையின் முதல் வாரத்தில் அவர் சிரிப்பதில்லை.

அனந்தநம்பிக்குத் தாண்டவன் மேல் நெடுநாள் எரிச்சல். "மன்னர் பெருமானே, கேலி பேசுபவரிடமே பொறுப்பைக் கொடுங்கள். சந்தையில் உள்ள அத்தனை பேரையும் அவரே குருவிடம் அழைத்துச் செல்லட்டும்" என்றார்.

"அப்படியே ஆகட்டும். ஒருவர் விடாமல் பயில வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் தாண்டவர் நம் நாட்டின் எல்லையைக் கடந்து போக வேண்டியதுதான்" என்றார் அரசர்.

பன்னிரண்டு ஆண்டுகளாக இப்படிப்பட்ட கட்டளைகளைக் கேட்டுக் கேட்டுத் தாண்டவனின் காது களைத்திருந்தது. தலையை மட்டும் ஆட்டிவிட்டுச் சந்தைக்கு நடந்தான்.

அங்கே உப்பு விற்கும் சடைச்சி, பாதி காலியான ஒரே ஒரு மூட்டையின் முன் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் மகள் பூவாயி. கழுதையைக் காணோம்.

"கழுதை எங்கே சடைச்சி?"

"பாடத்துக்குக் குடுத்துட்டேண்ணே. போன வாரமே வந்துட்டாங்க அந்தப் பட்டு வேட்டிக்காரங்க. பத்து வராகனுக்கு நான் எங்க போவேன்? கழுதையா இருந்தாலும் பரவாயில்லைன்னாங்க. அன்னைக்கே செங்கல் சூளைக்காரன்கிட்ட வித்துட்டாங்களாம்."

"பாடத்தில் என்ன சொன்னார்கள்?"

"கண்ணை மூடிக்கிட்டு நான் பணக்காரி, நான் பணக்காரின்னு நூறு தடவை சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். கண்ணைத் திறந்தா கழுதை இல்லை."

தாண்டவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். அவள் சிரிக்கவில்லை.

"லாபம் வரலையேன்னு போய்க் கேட்டேண்ணே. நீ முழுசா நம்பலை, அதான் வரலைங்கிறாங்க. ரெண்டாம் பாடத்துக்குப் பதினஞ்சு வராகனாம். இல்லைன்னா பத்து ஆளைச் சேத்துவிட்டு, உப்பு விக்கிறது எப்படின்னு நானே அவங்களுக்குப் பாடம் எடுக்கணுமாம். எனக்கு வேற என்ன தெரியும்? உப்பளம் ரெண்டு காதம். கழுதை இல்லாம தலையில சுமந்தா எத்தனை படி வரும்? இந்த மூட்டை முடிஞ்சா கடையும் முடிஞ்சது."

அப்போதுதான் பூவாயி அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

தாண்டவன் சடைச்சியைத் திரும்பிப் பார்த்தான். வேறொரு நாள் அவன் நினைவுக்கு வந்தது. பிழைப்புத் தேடி அவன் இந்த ஊருக்கு வந்த முதல் நாள். மூன்று நாள் பட்டினி. சத்திரத்தில் உப்பில்லாத கஞ்சி ஊற்றினார்கள். வாசலில் புதிதாகக் கடை போட்டிருந்த ஓர் இளம்பெண், "வெறுங்கஞ்சியை எப்படிண்ணே குடிப்பீங்க?" என்று அவன் கையில் ஒரு சிட்டிகை உப்பை வைத்தாள். அதன்பின் எத்தனையோ விருந்துகளை அவன் அரண்மனையில் உண்டுவிட்டான். அந்தக் கஞ்சியின் ருசி எதிலும் இல்லை. சடைச்சி அதை மறந்தே போயிருந்தாள். கேட்காமல் கொடுப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அதற்குத்தான் வாங்கியவர்களை ஆண்டவன் படைத்திருக்கிறான் போலும்.

மறுநாள் தாண்டவன் அரச கட்டளையை அப்படியே நிறைவேற்றினான். குருவிடம் போய், "கட்டணம் பாடம் முடிந்தபின் அரண்மனையிலிருந்து வரும்" என்று சொன்னான். குரு மகிழ்ந்து கதவைத் திறந்து வைத்தார். சூரியன் எழுமுன் தயிர்க்காரி, வாழைஇலைக்காரர், காய்கறிக்காரர்கள், வெற்றிலைக்காரர், விறகுக்காரர் எல்லோரையும் குருவின் மடத்துக்குள் அனுப்பினான். சடைச்சியும் போய் உட்கார்ந்தாள். ஒருவர் விடுபடவில்லை.

நண்பகலில் அரசர் உணவுக்கு அமர்ந்தார். வெள்ளித்தட்டில் வெறும் சோறும் பருப்பும் இருந்தன. ஒரு கவளம் வாயில் வைத்தார்.

"இதில் உப்பு எங்கே?"

சமையற்காரர் ஓடி வந்தார். "சந்தையில் ஆளே இல்லை மன்னா. உப்பும் இல்லை, தயிரும் இல்லை, இலையும் இல்லை."

தாண்டவன் அழைக்கப்பட்டான்.

"கட்டளை நிறைவேறிவிட்டது மன்னா. உப்பு விற்பது எப்படி என்று சொல்லித்தர ஆள் இருக்கிறது. தயிர் விற்பது எப்படி என்று சொல்லித்தரவும் ஆள் இருக்கிறது. விற்கத்தான் ஆள் இல்லை."

"நான் எதைச் சாப்பிடுவது?"

"அதைக் குருவிடம்தான் கேட்க வேண்டும்."

குரு வந்தார். கூடவே அனந்தநம்பியும் வந்தார். தாண்டவன் பணிவாகக் கைகட்டி நின்றான்.

"குருவே, மன்னரின் பருப்பில் உப்பு இல்லை. உப்புக்காரி சடைச்சிக்கு லாபம் வராதபோது தாங்கள் ஒன்று சொன்னீர்களாமே. அதையே மன்னருக்கும் சொல்லுங்கள்."

குரு தொண்டையைச் செருமினார். "அதாவது, உப்பு இருக்கிறது என்று மன்னர் முழுமையாக நம்பினால்..."

அரசர் நல்லவர். கண்ணை மூடி இன்னொரு கவளம் எடுத்து உண்மையாகவே முயன்று பார்த்தார். பிறகு கண்ணைத் திறந்து, "இல்லை" என்றார்.

"மன்னருக்கு நம்பிக்கை போதவில்லை. இரண்டாம் பாடத்துக்குப் பதினைந்து வராகன்" என்றான் தாண்டவன்.

அனந்தநம்பி குறுக்கிட்டார். "குறை சொல்வது எளிது மன்னா. நம்பத்தகுந்த ஆசான் ஒருவரை இவர் காட்டட்டும். நாளை மாலைக்குள் காட்டாவிட்டால் எல்லை அங்கேயேதான் இருக்கிறது."

பசியில் இருந்த அரசர் சரி என்று தலையசைத்தார்.

மறுநாள் தாண்டவன் அரசரைத் திரையிட்ட பல்லக்கில் சந்தைக்கு அழைத்துச் சென்றான். கையில் ஒரு பணப்பை வைத்திருந்தான். முதலில் குருவின் வாசலில் நின்றான். குருவே வெளியே வந்தார்.

"குருவே, உங்களைக் கேலி செய்தது தவறு. எனக்கும் தொழில் தொடங்க ஆசை. அடைமழை மாதத்தில், கூரையில்லாத தெப்பத்தில், பெரிய பெரிய கண்கள் விட்டுப் பின்னிய கூடைகளில் உப்பை ஏற்றி ஆற்றைக் கடந்து விற்கலாம் என்றிருக்கிறேன்."

குரு பையைப் பார்த்தார். "அற்புதமான யோசனை. வெற்றி உங்கள் நெற்றியில் எழுதியிருக்கிறது. கட்டணம் இருபது வராகன். இன்றே கட்டினால் பதினைந்து. நாளை இந்த விலை கிடையாது."

பட்டு உடுத்திய பதினொரு சீடர்களிடமும் போனான். பதினொரு பேருக்கும் அது அற்புதமாகவே தோன்றியது. ஒருவர் கூடையின் கண்ணை இன்னும் பெரிதாக்கச் சொன்னார். பல்லக்கும் பின்னாலேயே வந்தது.

கடைசியில் கயிற்றுக்கடை இசக்கியிடம் வந்தான். இசக்கி கயிறு முறுக்குவதை நிறுத்தாமல் கேட்டார்.

"மழையில உப்பா? உமக்கு என்ன வே கிறுக்கா? பையை மூடும். வீட்டுக்குப் போம்."

"இந்த யோசனைக்கு என்ன கட்டணம்?"

"வேண்டாம்னு சொல்றதுக்கு எதுக்குவே காசு?"

"எனக்குத் தொழில் கற்றுத்தருவீரா?"

"கயிறுன்னா தெரிஞ்சதைச் சொல்லுவேன். உப்பு எனக்குத் தெரியாது, அந்தச் சடைச்சியைக் கேளும். இன்னொண்ணு, நான் ரெண்டு தடவை கடையை மூடினவன். கோயில் தெரு கந்தையா என் பேச்சைக் கேட்டுத்தான் நட்டப்பட்டான். முதல்ல அவன்கிட்டப் போய் என்னைப் பத்திக் கேட்டுட்டு வாரும். அப்புறம் பேசுவோம்."

பல்லக்கின் திரை விலகியது. அரசர் சிரித்துக்கொண்டே இறங்கினார். வயிறு குலுங்கச் சிரித்தார். அந்த வருடத்தில் அவர் சிரித்தது அதுதான் முதல் முறை.

"இத்தனை பேரில் இந்த ஒருவர்தான் உம்மை வீட்டுக்குப் போகச் சொன்னார், தாண்டவரே."

"அதனால்தான் மன்னா, மறுபடி இவரிடம் வரலாம் என்று தோன்றுகிறது."

கட்டளை ரத்தானது. தாண்டவனுக்கு ஒரு பை நிறையப் பொன் கிடைத்தது. குரு அன்று மாலையே எல்லையைக் கடந்துவிட்டார். தாமும் ஏமாந்ததாக அனந்தநம்பி சொன்னார், அரசரும் நம்பினார். அரண்மனைகளில் அப்படித்தான் முடியும். விற்கப்பட்ட கழுதை பற்றி யாருக்கும் நினைவு வரவில்லை.

மூன்றாம் நாள் தேரோட்டம். தெருவே கோயிலுக்குப் போயிருந்தது. தாண்டவன் செங்கல் சூளைக்குப் போனான். சூளைக்காரன் பையைப் பார்த்து விலை சொன்னான். பை காலியானது. கழுதையின் முதுகில் புண்கள் இருந்தன. வழியில் குளத்தங்கரையில் நிறுத்தி, மஞ்சள் குழைத்துப் பூசினான்.

சடைச்சியின் குடிசைக்குப் பின்னால், வழக்கமான முளையில், இசக்கியிடம் வாங்கிய புதுக் கயிற்றால் கட்டினான். ஒரு கட்டுப் புல் போட்டான். தொட்டியில் தண்ணீர் நிரப்பினான்.

தூரத்தில் தேர் நகரும் சத்தம் கேட்டது. தாண்டவன் கழுதையின் காதருகே குனிந்து ஏதோ சொன்னான். அது காதை ஒருமுறை ஆட்டிவிட்டுப் புல்லைத் தின்றது. தேர் நிலைக்குத் திரும்புமுன் அவன் தெருமுனையைக் கடந்துவிட்டான்.